90களின் ஜீன்ஸும் பொருந்தும் அளவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் தையல் கடை நடத்துகிறேன். இப்போதெல்லாம் வருகிற வேலையில் பெரும்பகுதி ஜீன்ஸ்தான். புதிதாக வாங்கிய பேண்டைப் பையோடு கொண்டுவருகிறார்கள். இடுப்பில் நிற்கவில்லை, கால் தரையைக் கூட்டுகிறது, உட்கார்ந்தால் வயிற்றை அழுத்துகிறது என்கிறார்கள். அளவெடுக்கும்போது கேட்கப்படும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால் பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். கடைக்குப் போகும் முன் படித்தால் பணமும் மனமும் மிச்சமாகும்.

90களின் உடை திரும்பிவிட்டது என்கிறார்களே, எது திரும்பியிருக்கிறது?

முதன்மையாக, துணிக்கும் காலுக்கும் நடுவே இருந்த இடம். 2000களின் நடுவில் தொடங்கிப் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக, காலோடு ஒட்டிய ஸ்கின்னி ஜீன்ஸ்தான் எங்கும் நிறைந்திருந்தது. இப்போது தொடையிலிருந்து நேராக இறங்கும் ஸ்ட்ரெய்ட், தொடையும் முழங்காலும் தளர்ந்து நிற்கும் பேகி, முழங்காலுக்குக் கீழே சற்று விரியும் பூட்கட் ஆகியவை கடைகளில் முன்வரிசைக்கு வந்துவிட்டன. அவற்றுடன் டெனிம் ஜாக்கெட், பெரிய அளவு டி-ஷர்ட், உள்ளே பனியன் தெரிய பட்டன் போடாமல் விடும் கட்டம் போட்ட சட்டை, வெள்ளை கேன்வாஸ் ஷூ ஆகியவையும் வந்திருக்கின்றன.

அமெரிக்காவில் இந்தத் தோற்றம் இரண்டு வழிகளில் பரவியது. சியாட்டில் நகரத்து ராக் இசைக்குழுவினர் குளிருக்குப் போடும் ஃபிளானல் சட்டையையும் பழைய ஜீன்ஸையும் அப்படியே மேடையில் அணிந்தார்கள். ஹிப்-ஹாப் பாடகர்கள் தங்கள் அளவைவிடப் பெரிய பேண்டையும் சட்டையையும் அணிந்தார்கள். இரண்டுக்கும் அடிப்படை உழைப்பாளிகளின் விலை குறைந்த உடுப்பு. ஜீன்ஸின் பிறப்பும் அங்கேதான். நெவாடா மாநிலத்து ரீனோ ஊரில் ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரர், வேலையாட்களின் பேண்டில் பை கிழிந்துபோகும் மூலைகளில் ரிவெட் என்ற செம்புக் குமிழ் ஆணியை அடித்துக் கொடுத்தார். தனக்குத் துணி விற்ற லீவை ஸ்ட்ராஸுடன் சேர்ந்து 1873 மே 20 அன்று அதற்குக் காப்புரிமை பெற்றார். ரிவெட் அடித்த ஜீன்ஸைத் தொடங்கிவைத்தவர் ஒரு தையல்காரர் என்பதைக் கடைக்கு வரும் பிள்ளைகளிடம் நான் தவறாமல் சொல்வதுண்டு.

ஒரு எச்சரிக்கை. 90கள் என்று இப்போது விற்கப்படுவதில் இரண்டு வகை கலந்திருக்கிறது. அந்தப் பத்தாண்டின் பெரும்பகுதியில் ஜீன்ஸ் தொப்புளை ஒட்டி உயரமாக நின்றது. அதன் கடைசியில்தான் இடுப்பெலும்புக்குக் கீழே இறங்கும் லோ-ரைஸ் வந்து, 2000களின் தொடக்கத்தில் எங்கும் பரவியது. படத்தில் பார்த்துப் பிடித்தது எந்த வகை என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போங்கள். இரண்டும் உடம்பில் முற்றிலும் வேறுவிதமாக உட்காரும்.

அந்தக் காலத்தில் நம் மாவட்டத்தில் என்ன உடுத்தினார்கள்?

வெளிநாட்டு பிராண்டுகள் 1991 பொருளாதாரச் சீர்திருத்தங்களுக்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக இந்தியாவுக்குள் வந்தன. அவையும் பெருநகரங்களைத் தாண்டி நாகர்கோவில் வரை வர நாளாயிற்று. அதற்கு முன்பே நம் ஊருக்கு ஜீன்ஸ் வந்துவிட்டது, வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்களின் பெட்டிகளில். அண்ணனோ மாமாவோ சவூதியிலிருந்தோ துபாயிலிருந்தோ கொண்டுவந்த ஒரு ஜீன்ஸை வீட்டில் இரண்டு, மூன்று பேர் மாற்றி மாற்றி அணிவார்கள். அது யாருக்கும் சரியான அளவாக இருக்காது. டெய்லர் கடைக்குப் போய் இடுப்பைச் சிறிதாகப் பிடித்துத் தைத்துக்கொண்டு வருவார்கள். 1993இல் சன் டிவியும் ஏசியாநெட்டும் தொடங்கின. தமிழ், மலையாளம் இரண்டும் புரிகிற நம் மாவட்டத்துப் பிள்ளைகள் இரண்டையும் பார்த்து, இந்தப் பாட்டில் வந்த பேண்ட், அந்தப் பாட்டில் வந்த சட்டை என்று டெய்லரிடம் கேட்டு வாங்கினார்கள்.

ஆனால் அந்தக் காலத்தைப் பற்றிப் பேசும்போது பலர் மறந்துவிடுவது ரஃப் அண்ட் டஃப். அகமதாபாத்தின் அர்விந்த் மில்ஸ் நிறுவனம் 1995இல் கொண்டுவந்தது அது. பொட்டலத்துக்குள் ஒரு பேண்டுக்கான டெனிம் துணி, ஜிப், ரிவெட், பட்டன், பின்பக்கம் ஒட்டும் லேபிள் எல்லாம் இருக்கும். விலை 200 ரூபாய்க்கும் குறைவு. அதை வாங்கி உள்ளூர் டெய்லரிடம் கொடுத்துத் தன் அளவுக்குத் தைத்துக்கொள்ள வேண்டும். ஆயத்த ஜீன்ஸ் வாங்க வசதியில்லாத சிற்றூர்களுக்காகவே செய்யப்பட்ட ஏற்பாடு. அப்படித் தைத்து அணிந்தவர்களுக்கு ஜீன்ஸ் அளவாகப் பொருந்தியது. காரணம் எளிது. அவர்கள் உடம்பை அளந்து வெட்டிய துணி அது. இன்றைக்கு 90களின் தோற்றத்தைக் கேட்டு வருகிறவர்களிடம், அந்தப் பத்தாண்டின் டெய்லரையும் சேர்த்து அழைத்துவாருங்கள் என்றுதான் எனக்குச் சொல்லத் தோன்றுகிறது.

ஏன் இப்போது?

ஒட்டிய பேண்ட் சலித்துவிட்டது. 2020 ஊரடங்கில் தளர்ந்த உடைக்கு உடம்பு பழகியது. அன்று சிறுவர்களாக இருந்தவர்கள் இன்று உடை வடிவமைக்கும் இடத்தில் இருக்கிறார்கள். இதற்கு மேல் ஆழமான காரணம் தேட வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

ஒரு கடையில் 32 சரியாக இருக்கிறது, இன்னொரு கடையில் 34கூட ஏறவில்லை. எனக்கு எடை கூடிவிட்டதா?

இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுத் தலைகுனிந்து நிற்கிற பெண்பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. லேபிளில் இருக்கும் எண் ஒரு பெயர் மட்டுமே. 32 என்று எழுதிய பேண்டின் இடுப்புப் பட்டியை இஞ்ச் டேப்பால் அளந்து பாருங்கள். சிலவற்றில் 34 வரும், சிலவற்றில் 31தான் வரும். வாங்குகிறவர் மகிழட்டும் என்று பெரிய அளவுக்குச் சிறிய எண் போடும் பழக்கம் உலகம் முழுவதும் இருக்கிறது. போதாக்குறைக்கு, லோ-ரைஸ் பேண்டின் பட்டி இடுப்பெலும்பின் கீழே சுற்றுவதால் அதே ஆளுக்கு அங்கே கூடுதல் சுற்றளவு தேவைப்படும். ஹை-ரைஸ் பட்டி இடுப்பு ஒடுங்கும் இடத்தில் நிற்பதால் குறைவாகத் தேவைப்படும். ஒரே உடம்புக்கு இரண்டு எண்கள் வருவது இயல்பு.

துணியை நீளவாட்டில் அடுக்கடுக்காகப் போட்டு மின்கத்தியால் வெட்டும்போது மேலடுக்கும் கீழடுக்கும் சற்று வித்தியாசப்படலாம் என்பதையும் கவனியுங்கள். ஒரே பிராண்ட், ஒரே எண், ஒரே அலமாரி என்றாலும் இரண்டு பேண்டை எடுத்துப் போட்டுப் பாருங்கள். லேபிளில் இருக்கும் எண் மனத்தை உறுத்தினால் அதை வெட்டி எறியலாம்.

அப்படியானால் அளவை எப்படித் தெரிந்துகொள்வது?

வீட்டில் உங்களுக்கு மிகவும் பிடித்த, உட்கார்ந்தாலும் எழுந்தாலும் தொந்தரவு தராத ஒரு பேண்டை எடுங்கள். ஜீன்ஸாக இருக்க வேண்டும் என்பதில்லை. தரையில் சுருக்கமில்லாமல் விரித்துப் பட்டனைப் போடுங்கள். பட்டியின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றோடொன்று பொருந்தும்படி இழுத்துவிட்டு, ஓரத்திலிருந்து ஓரத்துக்கு அளந்து இரண்டால் பெருக்கினால் இடுப்பு. இரண்டு கால்களும் சேரும் தையல் இருக்கிறதல்லவா, அங்கிருந்து பட்டியின் மேல்விளிம்பு வரை முன்பக்கமாக அளந்தால் ரைஸ். அதே தையலுக்கு ஓர் அங்குலம் கீழே, காலின் குறுக்கே அளந்து இரண்டால் பெருக்கினால் தொடை. தையலிலிருந்து உள்பக்கமாகக் கீழ் மடிப்பு வரை உள்நீளம். கடைசியாகக் கீழ்வாயின் சுற்றளவு, டெய்லர்கள் பாட்டம் என்பது இதைத்தான்.

இந்த ஐந்தையும் கைப்பேசியில் குறித்துவையுங்கள். கடைக்குப் போகும்போது ஒரு டேப்பையும் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். ட்ரயல் ரூம் வரிசையில் நிற்பதற்கு முன்பே பொருந்தாதவற்றைக் கழித்துவிடலாம். ஆன்லைனில் வாங்கும்போது அளவு அட்டவணை இரண்டு விதமாக இருக்கும். ஒன்று உடம்பின் அளவு, மற்றொன்று துணியின் அளவு. நீங்கள் குறித்துவைத்திருப்பது துணியின் அளவு. இரண்டையும் குழப்பிக்கொண்டால் இரண்டு அங்குலம் தவறிவிடும்.

பாட்டம் பற்றி ஒரு வழிகாட்டி: சுற்றளவு 12, 13 அங்குலம் என்றால் ஸ்கின்னி. 15இலிருந்து 17 வரை ஸ்ட்ரெய்ட். 18க்கு மேல் போனால் பேகி. ஆளின் உயரத்தைப் பொறுத்து இது சற்று மாறும்.

ரைஸ் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

ஜீன்ஸில் டெய்லரால் பின்னால் சரிசெய்ய முடியாத பெரிய விஷயம் அது. நீளத்தைக் குறைக்கலாம், இடுப்பைப் பிடிக்கலாம், காலை ஒடுக்கலாம். ரைஸ் குறைவாக வெட்டப்பட்ட பேண்டை உயர்த்தப் பட்டியைப் பிரித்துத் துணி சேர்க்க வேண்டும். அப்படிச் செய்தால் அது ஒட்டுப்போட்ட துணியாகத்தான் தெரியும்.

பெண்களுக்கான ஜீன்ஸில் முன்பக்க ரைஸ் 7, 8 அங்குலம் என்றால் தாழ்ந்தது, 9, 10 என்றால் நடுத்தரம், 11க்கு மேல் உயர்ந்தது. இந்த எண்களைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. ஐந்தடி உயரமுள்ள ஒருவருக்கு 10 அங்குலமே தொப்புளைத் தொடும். ஆறடி ஆளுக்கு 11கூட நடுத்தரமாகத்தான் நிற்கும். உங்கள் ரைஸைத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. மரநாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பட்டி நிற்க வேண்டும் என்று நீங்கள் விரும்பும் இடத்தில் ஒரு நாடாவைக் கட்டுங்கள். அந்த நாடாவிலிருந்து நாற்காலிப் பலகை வரை பக்கவாட்டில் அளந்தால் வருவது டெய்லர் அந்தக் காலத்தில் எடுத்த உட்காரும் அளவு. உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் பேண்டின் முன் ரைஸோடு அதை ஒப்பிட்டு வைத்துக்கொண்டால் அடுத்த முறை ஏமாற மாட்டீர்கள்.

முன்பக்கத்தைப் பார்க்கிறோம், பின்பக்கத்தை மறந்துவிடுகிறோம். பின் ரைஸ் எப்போதும் முன் ரைஸைவிட நீளமாக இருக்க வேண்டும், ஏனென்றால் உட்காரும்போது துணி பின்பக்கம்தான் இழுபடுகிறது. ஸ்கூட்டரில் பின்னால் உட்காரும்போது சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டே போகும் பெண்களைத் தினமும் பார்க்கிறோம். அது அவர்கள் அடக்கமின்மை அல்ல, பின் ரைஸ் போதாத வெட்டு. உயர்ந்த ரைஸ் திரும்பி வந்ததை நான் மனதார வரவேற்பதற்குக் காரணமும் இதுதான். குனிந்து கோலம் போடுகிற, பஸ் படியேறுகிற, பிள்ளையை இடுப்பில் தூக்குகிற ஒருத்திக்கு அது நிம்மதி.

தொடையில் இறுக்கம், இடுப்பின் பின்பக்கத்தில் கை நுழையும் அளவுக்கு இடைவெளி. என்ன செய்வது?

நம் பக்கத்துப் பெண்களில் பலருக்கு இந்தச் சிக்கல் உண்டு. இடுப்பு சிறுத்து, தொடையும் பின்பக்கமும் அகன்ற உடல்வாகுக்குப் பெரும்பாலான ஆயத்த ஜீன்ஸ்கள் வெட்டப்படுவதில்லை. தொடைக்குப் பொருந்தும் அளவை வாங்குங்கள். இடுப்பை டெய்லரிடம் விடுங்கள்.

பின்பக்க நடுத்தையலைப் பிரித்து, பட்டியையும் வெட்டி, ஒன்றிலிருந்து ஒன்றரை அங்குலம் வரை தடயம் தெரியாமல் உள்ளே வாங்கலாம். இரண்டு அங்குலத்தைத் தாண்டினால் பின்பைகள் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கிக் கோணலாகத் தெரியும். அப்போது நடுவிலும் பக்கவாட்டிலும் பிரித்து வாங்க வேண்டும், கூலியும் கூடும். சிலர் பட்டியில் மட்டும் இரண்டு மடிப்புப் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். பெல்ட் போடும் இடத்தில் தடித்து, முதுகில் குத்தும்.

ட்ரயல் ரூமில் எதைப் பார்க்க வேண்டும்?

கண்ணாடியில் நின்று பார்ப்பது பாதிதான். உட்காருங்கள், குந்துங்கள், ஒரு காலைத் தூக்கி மோட்டார் சைக்கிளில் ஏறுவதுபோல் வீசிப் பாருங்கள். உட்கார்ந்த நிலையில் பட்டிக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். நான்கு விரல் நுழைந்தால் பெரியது.

சுருக்கங்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். தொடையின் குறுக்கே படுக்கைக் கோடுகள் விழுந்தால் துணி போதவில்லை. நெடுக்காகத் தொங்கும் மடிப்புகள் விழுந்தால் துணி அதிகம். முன்பக்கம் கால் பிரியும் இடத்திலிருந்து விசிறிபோல் கோடுகள் கிளம்பினால் அங்கே இறுக்கம், எவ்வளவு அணிந்தாலும் அது தளராது. பின்பைகளின் அடிவிளிம்பு பின்பக்கம் முடியும் இடத்துக்குக் கீழே தொங்கக் கூடாது. பை தாழ்ந்தால் ஆளே தளர்ந்துபோனதுபோல் தெரியும்.

நான் உயரம் குறைவு. பேகி எனக்கு ஒத்துவருமா?

தாராளமாக. மூன்று விஷயங்களைக் கவனித்தால் போதும். ரைஸ் உயரமாக இருக்கட்டும், கால் நீளமாகத் தெரியும். சட்டையை உள்ளே செருகுங்கள், அல்லது பட்டியை ஒட்டி முடியும் சட்டையாகப் பாருங்கள். கீழ் மடிப்பு பாதத்தின் மேல் ஒரே ஒரு முறை மடங்கி நிற்கட்டும், துணி அடுக்கடுக்காகக் குவியக் கூடாது. பேகியின் நீளத்தைக் குறைக்கும்போது முழங்கால் வளைவு பார்த்துக் குறைக்கத் தேவையில்லை, அதனால் வேலை எளிது. பூட்கட்டை அப்படிக் குறைக்க முடியாது. விரிவு தொடங்கும் இடம் முழங்காலுக்குக் கீழே இறங்கிவிட்டிருக்கும், கீழே வெட்டினால் விரிவே போய்விடும். குள்ளமானவர்கள் பூட்கட்டைக் குறைந்த நீளத்திலேயே தேடி வாங்க வேண்டும்.

ஸ்ட்ரெச் நல்லதா, முழுப் பருத்தி நல்லதா?

90களின் ஜீன்ஸ் பெரும்பாலும் முழுப் பருத்தி. அந்தத் தோற்றத்தில் துணி தானாக நிற்பதற்கும், கால் நேராக விழுவதற்கும் அதுவே காரணம். இன்றைய துணியில் எலாஸ்டேன் என்ற இழுபடும் இழையை 1 அல்லது 2 சதவீதம் சேர்த்தால் குனியவும் நிமிரவும் வசதி, தோற்றமும் கெடாது. அதற்கு மேல் போகப்போகத் துணி காலோடு ஒட்டும், சில மாதங்களில் முழங்கால் உப்பிக்கொள்ளும், சூடான நீரிலும் கடும் வெயிலிலும் அந்த இழை சீக்கிரம் வலுவிழக்கும். உள்லேபிளில் துணிக் கலவை எழுதியிருக்கும், படித்துப் பாருங்கள்.

முழுப் பருத்தி ஜீன்ஸ் வாங்கும்போது இடுப்பில் கொஞ்சம் பிடிப்பாக இருப்பதை எடுக்கலாம். அணிய அணிய அரை அங்குலமாவது தளரும். ஆனால் தொடையும் ரைஸும் முதல் நாளே வசதியாக இருக்க வேண்டும்.

நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் ஜீன்ஸ் சரிவருமா?

துணியின் எடையைப் பார்த்து வாங்கினால் சரிவரும். டெனிமை ஒரு சதுர கஜத்துக்கு இத்தனை அவுன்ஸ் என்று எடைபோடுவார்கள். பழைய பாணி கனத்த ஜீன்ஸ் 13, 14 அவுன்ஸ் இருக்கும். சியாட்டில் குளிருக்கு அது பொருத்தம், நமக்கு 8இலிருந்து 10 அவுன்ஸ் போதும். லேபிளில் எடை போட்டிருக்காவிட்டாலும் கையில் தூக்கினால் தெரிந்துவிடும்.

நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஜூனிலிருந்து டிசம்பர் வரை துணி காயவைப்பதே ஒரு கவலை. ஆரல்வாய்மொழிக் காற்றில் பேண்ட் எளிதில் காய்ந்துவிடும். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் மழைக்காலத்தில் கனத்த ஜீன்ஸ் இரண்டாம் நாளும் ஈரமாகவே தொங்கும், பட்டியிலும் பையிலும் பூஞ்சை வாடை வந்துவிடும். பையை வெளியே இழுத்துவிட்டு, இடுப்பு கீழே வராமல் மேலே இருக்கும்படி, இரண்டு கிளிப்பில் பட்டியை விரித்துக் காயப்போடுங்கள். இந்த விஷயத்தில் தளர்ந்த ஜீன்ஸுக்கு இன்னொரு நன்மையும் இருக்கிறது. காலுக்கும் துணிக்கும் நடுவே காற்று ஓடுவதால் வியர்வை தங்காது, தொடை உராய்ந்து புண்ணாகாது.

குளச்சல், முட்டம், கன்னியாகுமரி என்று கடலை ஒட்டி வசிப்பவர்கள் ஜிப்பையும் பட்டனையும் பாருங்கள். உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடித்து, துருக்கறை துணியில் இறங்கும். பித்தளை ஜிப் என்றால் நீண்ட நாள் வரும். ஒரு சிறிய காந்தத்தைக் கொண்டுபோய் ஒட்டிப் பார்த்தால் இரும்பா, இல்லையா என்று அங்கேயே தெரியும்.

சாயம் போகாமல் இருக்க உப்புத் தண்ணீரில் ஊறவைக்கலாமா?

பயன் இல்லை. டெனிமின் நெடுக்கு நூலில் மட்டும்தான் இண்டிகோ சாயம் ஏற்றுவார்கள், குறுக்கு நூல் வெள்ளை. சாயத்திலும் இண்டிகோ நூலின் மேற்புறத்தில்தான் படியும், உள்ளே வெள்ளையாகவே இருக்கும். உராய உராய மேலே இருப்பது உதிர்ந்து வெள்ளை தெரிகிறது. ஜீன்ஸ் வெளுப்பதன் அழகு முழுவதும் இதில்தான் இருக்கிறது. உப்போ வினிகரோ இண்டிகோவைப் பிடித்துவைக்காது. உள்பக்கத்தை வெளியே புரட்டி, குளிர்ந்த நீரில், தனியாகத் துவைத்து, நிழலில் காயப்போட்டால் வேகம் குறையும். புது ஜீன்ஸோடு வெள்ளைச் சட்டையை அணிவதையும், வெளிர்நிற சோபாவில் உட்காருவதையும் முதல் சில துவைப்புகள் வரை தவிர்க்கலாம்.

வெளுத்த ஜீன்ஸை விரும்புகிறவர்களிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தொடைப்பகுதியை மட்டும் வெளுக்கவைக்க மணலைக் காற்றழுத்தத்தில் வீசி அடிக்கும் முறை ஒன்று இருந்தது. அந்தத் தூசியைச் சுவாசித்த துருக்கித் தொழிலாளர்கள் பலர் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய்க்கு ஆளானார்கள். துருக்கி 2009இல் அதைத் தடைசெய்தது. நீல ஜீன்ஸை வாங்கி நீங்களே அணிந்து வெளுக்க விடுவது நல்லது. அந்த வெளுப்பு உங்கள் முழங்காலுக்கும் உங்கள் பைக்குள் இருக்கும் சாவிக்கும் ஏற்ப விழும், வேறு யாருடைய பேண்டிலும் அப்படியே இருக்காது.

அப்பாவின் பழைய ஜீன்ஸ் அலமாரியில் கிடக்கிறது. மகள் கேட்கிறாள். மாற்றித் தரமுடியுமா?

மிகவும் விரும்பிச் செய்கிற வேலை இது. உள்பக்கத் தையல்களையும் மடிப்புகளையும் இழுத்துப் பாருங்கள். நூல் இற்றுப்போயிருந்தால் புதிதாக ஓட்டிவிடலாம். துணியே இற்றுப்போய், இரண்டு கையாலும் இழுத்தால் கிழிகிறது என்றால் மாற்ற முயலாதீர்கள். ஆண்களின் பேண்டில் பின்பக்கம் சற்றுத் தட்டையாக வெட்டியிருக்கும், அதனால் மகளின் இடுப்பைவிடப் பின்பக்கச் சுற்றளவுக்குப் பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். பொருந்தினால் இடுப்பைப் பிடித்து, நீளத்தைக் குறைத்துவிட்டால் கடைகளில் தேடினாலும் கிடைக்காத 90களின் ஜீன்ஸ் அவளுக்குக் கிடைக்கும்.

சிறியதாகிப்போன ஜீன்ஸைப் பெரிதாக்கித் தரச் சொல்கிறவர்களும் உண்டு. ஆயத்த ஜீன்ஸில் தையலின் இரண்டு விளிம்பும் உள்ளே மடித்து இரட்டை ஓட்டு போட்டிருப்பதால் விரிக்கத் துணி இருக்காது. டெய்லர் தைத்த பழைய பேண்ட் என்றால் பின் நடுத்தையலில் ஓரிரண்டு அங்குலம் விட்டுவைத்திருப்பார்கள். அதைத்தான் விரிக்க முடியும்.

50 வயதில் அணியலாமா? சர்ச்சுக்கு? கோவிலுக்கு?

வயதுக்குத் தடை இல்லை. வெளுப்பு, கிழிசல் இல்லாத அடர்நீல ஸ்ட்ரெய்ட் ஜீன்ஸும் இஸ்திரி போட்ட பருத்திச் சட்டையும் 50 வயதுக்காரருக்கு மிடுக்கைத் தரும். பெண்கள் அதே ஜீன்ஸின் மேல் முழங்கால் வரை வரும் கைத்தறிக் குர்த்தா அணிந்தால் அலுவலகத்துக்கும் பொருந்தும். வழிபாட்டிடங்களில் அந்தந்த இடத்து வழக்கமே முடிவு. திருவனந்தபுரம் பத்மநாபசாமி கோவிலுக்குப் போகும் ஆண்கள் வேட்டிதான் கட்ட வேண்டும் என்பதால் பையில் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள்.

எங்கே வாங்குவது? நாகர்கோவிலா, மார்த்தாண்டமா, திருவனந்தபுரமா?

அளவு தெரியாதவரை, அணிந்து பார்க்க விடும் கடை எதுவோ அங்கே. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் பெரிய ஜவுளிக் கடைகள், பிராண்ட் கடைகள், சிறிய ஆயத்த ஆடைக் கடைகள் எல்லாமே இருக்கின்றன. திருவனந்தபுரத்தில் ‘சாலை’ என்ற பெயருள்ள கடைவீதியும் மால்களும் இருக்கின்றன. விலையைவிட, திருப்பி மாற்றித் தருவார்களா என்பதைக் கேளுங்கள். உங்கள் ஐந்து அளவுகளும் ஒரு பிராண்டின் ஒரு குறிப்பிட்ட வெட்டில் பொருந்துகின்றன என்று தெரிந்த பிறகு ஆன்லைனில் அதையே வாங்கலாம்.

ஏற்றுமதி மிச்சம் என்று குவித்து விற்கும் இடங்களில் நல்ல துணி கிடைப்பதுண்டு. பேண்டைத் தரையில் விரித்து, இரண்டு காலின் பக்கத் தையலும் நேராக இறங்குகிறதா என்று பாருங்கள். தையல் முறுக்கிக்கொண்டு முன்பக்கம் வந்தால் துணி சாய்ந்து வெட்டப்பட்டிருக்கிறது. டெய்லரால் அதைச் சரிசெய்ய முடியாது.

ஆல்டர் செய்யக் கொடுக்கும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

இரண்டு முறை துவைத்துக் காயவைத்த பேண்டைக் கொண்டுவாருங்கள். சுருங்காது என்று சொல்லி விற்கும் பருத்தி டெனிமும் நீளத்தில் 3 சதவீதம் வரை சுருங்கலாம். 30 அங்குல உள்நீளத்தில் அது ஏறக்குறைய ஓர் அங்குலம். வாங்கிய அன்றே நீளம் குறைத்துவிட்டால், துவைத்த பிறகு கணுக்காலுக்கு மேலே நிற்கும்.

அதோடு அணியப்போகும் செருப்பையோ ஷூவையோ கொண்டுவாருங்கள். வெறுங்காலில் எடுத்த நீளம் ஷூவோடு சரிவராது. பழைய கீழ் மடிப்பை அப்படியே வைத்துத் தைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். வெளுத்த விளிம்பு காப்பாற்றப்படும், ஆல்டர் செய்ததே தெரியாது. டெய்லரிடம் ஜீன்ஸுக்கான 16ஆம் எண் ஊசியும் அதே ஆரஞ்சு நிறத் தடித்த நூலும் இருக்கின்றனவா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். மெல்லிய ஊசியில் நான்கு மடிப்புத் துணியை ஓட்டினால் தையல் தாவும்.

கிறிஸ்துமஸுக்கு வேண்டுமென்றால் நவம்பரிலேயே கொடுத்துவிடுங்கள். டிசம்பர் இரண்டாம் வாரத்துக்குப் பிறகு நம் மாவட்டத்தில் எந்த டெய்லர் கடையிலும் மேசையில் இடம் இருக்காது. அவசரத்தில் பிடிக்கும் இடுப்பு நேராக வராது.